சீட்டில்லாத சலவைக் கடை

"சீட்டு எதுக்குங்க? சொந்தக்காரன் இல்லாத பொருளுக்குத்தான் சீட்டு வேணும். இந்தக் கையில பட்ட சட்டை யாருதுன்னு தெரியாம நான் முழிச்சு நின்னது கிடையாது. இனிமேயும் நிக்கப்போறதில்ல."

சலவைக் கடை வாசலில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலின் மேல் நின்றபடி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவர் அக்கடையின் முதலாளி, தொழிலாளி, காவலாளி ஆகிய மூவருமான ஒருவர். அவர் ஸ்டூலில் ஏறியது பேசுவதற்காக அல்ல, உயரக் கம்பியில் தொங்கிய ஒரு கோட்டை இறக்குவதற்காக. ஆனால் மனிதனுக்கு உயரம் கிடைத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடுகிறது. அதற்குத் தோதாக எதிர்ச்சாரியில் அன்றுதான் ஒரு புதிய டிரை கிளீனிங் கடையைத் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, துணியை வாங்கியதும் கிரீச்சென்று எண் போட்ட நாடாவைத் துப்பும் ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தைப் பார்த்துத்தான் நம்மவருக்கு வீரம் பொங்கியது.

தெரு அவருக்குச் சித்திரகுப்தர் என்று பெயர் வைத்திருந்தது. எமலோகத்துச் சித்திரகுப்தருக்காவது ஏடும் எழுத்தாணியும் உண்டு. இவருக்கு அதுவும் கிடையாது. துணியை வாங்கியதும் நாடி பார்ப்பதுபோல் காலரை விரலால் நீவுவார். முழங்கையைத் திருப்பிப் பார்ப்பார். "இடது தோள் தொங்குது, தபால்காரர்." "வலது பையில மைக்கறை, தலைமையாசிரியர்." "காலர்ல சென்ட் வாசம், கையில சிகரெட் வாசம், இது வீட்டுக்குப் பயந்த வக்கீல்." அவ்வளவுதான், பதிவு முடிந்தது. அந்தச் சட்டை மூட்டையில் விழுந்து, தொட்டியில் புரண்டு, கொடியில் காய்ந்து, வெளுத்து வெள்ளையாகி வந்தாலும் அவர் அதன் காதைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைத்துவிடுவார்.

எல்லாச் சலவைக் கடையிலும், கேட்டு வராத துணிகளுக்கென்று பின்சுவரில் ஒரு கம்பி இருக்கும். இவர் கடையிலும் இருந்தது. அதில் அவருடைய குடை தொங்கியது.

ஊர்ச் சட்டையெல்லாம் ஞாபகம் இருந்த அந்த மனிதருக்கு மனைவியின் பிறந்த நாள் மட்டும் ஒரு வருஷமும் ஞாபகம் இருந்ததில்லை. ஆகவே பின்னால் நோய் வந்தபோது, அதை வைத்துக் கண்டுபிடிக்கிற வசதி அவளுக்கு இல்லாமல் போயிற்று.

அவள் கடையின் உள்ளறையில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், கிழிசல் மூட்டுவாள், கறை எடுப்பாள். வாடிக்கையாளர்களுக்கு அவளை 'அக்கா' என்று தெரியும், முகம் தெரியாது. திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குப் புகழ், அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பொத்தான் என்று பாகப்பிரிவினை நெடுநாளைக்கு முன்பே நடந்துவிட்டிருந்தது. அவளும் அதில் குறைபட்டுக்கொண்டதில்லை.

அவள் முதலில் கவனித்தது பெயர்களைத்தான். 'வாங்க மேனேஜரே', 'வாங்க வாத்தியாரே' என்று ஆள் பார்த்து வரவேற்கிறவர், எல்லோரையும் ஒரே தொட்டியில் போட்டு ஊறவைப்பதுபோல் "வாங்க, நம்மாளு" என்று ஆரம்பித்தார். வந்தவர்களுக்குப் பரம சந்தோஷம். பதவியைவிட நெருக்கம் உயர்ந்ததல்லவா?

அடுத்து ஒரு புது உபசாரம் தொடங்கியது. துணி கேட்டு யாராவது வந்தால், "நீங்களே எடுத்துக்கோங்களேன். உங்க சட்டை உங்களைப் பார்த்ததும் சிரிக்குது பாருங்க" என்பார். வந்தவர் வெட்கத்தோடு தன் சட்டையைத் தானே எடுத்து நீட்டுவார். இவர் அதைத் தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்புவார். என்ன மரியாதை, என்ன பண்பு என்று தெரு மெச்சியது. திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு மட்டும் ஊசி விரலில் ஏறியது. ஞாபகம் கடையைக் காலி செய்துகொண்டு போனாலும் சாமர்த்தியம் கடைசிவரை வாசலில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் போலிருக்கிறது.

பிறகு நடந்ததுதான் கால்சட்டைக் காண்டம்.

பேங்க் மேனேஜர் நல்ல அகலம். தலைமையாசிரியர் நல்ல நீளம். இருவருக்கும் சாம்பல் நிறப் பேண்ட்டு. சித்திரகுப்தர் கை தவறி ஒருவருடையதை மற்றவரிடம் கொடுத்துவிட்டார். வேறு எந்தக் கடையாக இருந்தாலும் மறுநாள் காலை சண்டை நடந்திருக்கும். இங்கே நடந்ததே வேறு. மேனேஜர் பேண்ட்டை மாட்டிப் பார்த்தார், பொத்தான் எட்டவில்லை. அன்றோடு காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்தினார். காலையில் பூங்காவைச் சுற்றி ஓடினார். தலைமையாசிரியர் மாட்டிப் பார்த்தார், இடுப்பில் நிற்கவில்லை. அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனிதரை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் முதல் எக்ஸ்ரே வரை எடுத்துப் பார்த்தார்கள். கால் நீளம் மாறியிருப்பதைப் பற்றி இருவருமே யோசித்திருக்கிறார்கள். மேனேஜர், ஓடினால் மனிதன் கொஞ்சம் குறுகுவான் என்று முடிவு கட்டியிருந்தார். சித்திரகுப்தர் தவறு செய்திருக்கலாம் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. ஊரே தன் இடுப்பைச் சந்தேகப்பட்டது. அவர் மூளையை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

மேனேஜர் மெலிந்துவிட்ட பெருமையைக் கடை வாசலிலேயே நின்று சொன்னபோது, திரை இடுக்கு வழியாக அவர் போட்டிருந்த பேண்ட்டை அவள் பார்த்தாள். கணுக்கால் ஓரத்தில், கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிய தையல் இருந்தது. அது அவளே போட்ட தையல், தலைமையாசிரியருக்காக. சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று திரும்பிப் பார்த்தாள். வழக்கமாகச் சொல்கிற ஆள் வெளியே நின்று, "நல்லா இளைச்சிட்டீங்க, நம்மாளு" என்று மேனேஜரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புகள் எல்லாம் பாதியில்தான் நின்றன.

அவள் செய்த வேலை, ஒரு நல்ல மனைவி செய்கிற வேலை. அதாவது தப்பான வேலை. அவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் புதிதாக வந்த துணிகளின் உள்மடிப்பில் கலர் நூலால் ஒரு தையல் போட்டாள். மேனேஜருக்குச் சிவப்பு, வாத்தியாருக்குப் பச்சை, வக்கீலுக்குக் கறுப்பு. துணி போகும் நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து இருமுவாள். "அந்த ஓரத்து நீலச் சட்டைதாங்க" என்று முனகுவாள். கடை முன்போலவே ஓடியது. புகழ் முன்போலவே வாசலில் நின்றது. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் நோயைக் கண்ணுக்குக் கண்ணாய்க் காப்பாற்றினாள்.

மகள் தூரத்தில் வேறொரு ஊரில் இருந்தாள். வாரம் தவறாமல் போன் செய்வாள். அவருடைய மறதியைப் பற்றி அம்மா ஆரம்பித்தபோது, மகள் சிரித்துவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அப்பா போனில் ஜமாய்த்தார். "சாப்பிட்டியாம்மா, வேலையெல்லாம் எப்படி, மாப்பிள்ளை சௌக்கியமா" என்று, யாருக்கும் பொருந்துகிற அளவில் தைத்த கேள்விகள். மகள் திரும்ப அம்மாவிடம் பேசினாள்.

"நல்லாத்தானேம்மா பேசுறாரு. உனக்குத்தான் வயசாகுது. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

போனை வைத்ததும் அவர் அவளிடம் கேட்டார்: "யாரு அது, நல்லாப் பேசுது?"

எந்தக் கெட்ட காலத்திலும் ஒரு நல்ல வேளை உண்டு என்பார்கள். அந்த நல்ல வேளை ஓர் இஸ்திரிப் பெட்டி ரூபத்தில் வந்தது. ஒரு மத்தியானம் அவர் சூடான பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த பெயர் தெரியாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வைப்பதா, எடுப்பதா, இதைக் கொண்டு என்ன செய்வது என்று ஒன்றும் புரியவில்லை. அவள் ஓடிவந்து வாங்கி வைப்பதற்குள் அவரது இடது கைச் சட்டை மணிக்கட்டருகே பொசுங்கியிருந்தது. கலர் நூலால் இதற்கு மேல் ஆகாது என்று அன்று அவளுக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் வரச் சொன்னால் வருவாரா? மாட்டார். ஆகவே அவள் தனக்குத்தான் மறதி வந்துவிட்டது என்றாள். அவருக்குப் பாவமாகப் போய்விட்டது.

"எனக்குத் தெரியும்டி. கொஞ்ச நாளாவே நீ சரியில்ல. வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

அப்படித்தான், நோயாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு துணைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா அமைதியானவர். அவசரப்படவில்லை. இருவரையும் பார்த்ததுமே யார் நோயாளி என்று புரிந்துகொண்டு, இருவரையும் சோதிப்பதாகச் சொன்னார். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கதவு, மழை, கரண்டி, பச்சை, பாலம். சித்திரகுப்தர் சிரித்தார். ஊர்ச் சட்டையையெல்லாம் தலையில் வைத்திருக்கிறவனிடம் ஐந்து வார்த்தையா என்று கேட்டார். பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் அழகாக வந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மறுபாதி வெறுமையாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் அசரவில்லை.

"மத்தியானத்துக்கு மேல கடை லீவுங்க."

டாக்டரம்மா சிரித்தார். நல்ல நகைச்சுவைக்கு உரிய சிரிப்பு அது. சிரித்து முடித்துவிட்டு, முதலில் சொன்ன வார்த்தைகளைக் கேட்டார்.

"எந்த வார்த்தை?" என்றார் அவர். ஒன்றிரண்டு மறந்துபோனதாகத் தெரியவில்லை. வார்த்தைகள் சொல்லப்பட்ட நினைவே அவரிடம் இல்லை.

அவளைக் கேட்டார்கள். ஐந்தும் வரிசையாக வந்தன. இந்த வீட்டில் இனி ஞாபகம் வைத்துக்கொள்வது ஒற்றை ஆள் வேலை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் புரிந்தது. அவர் அவள் தோளில் தட்டி, "பரவாயில்லையே, பாஸ் பண்ணிட்டியே" என்றார்.

அப்புறம் ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். காது கேட்கிறதா, மனசு சோர்ந்திருக்கிறதா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டபோது, கறை எடுக்கிற மருந்தால் வரும் அரிப்புக்காக மருந்துக்கடையில் அவராகவே வாங்கித் தினமும் விழுங்கிய மாத்திரை வெளியே வந்தது. அது மூளையை மந்தமாக்கும், நிறுத்துங்கள் என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் பி12 சத்து குறைந்திருந்தது. அதற்கு ஊசி போட்டார்கள். சில மறதிகள் இப்படிச் சரிசெய்யக் கூடியவை, அதனால்தான் எல்லாவற்றையும் தேடுகிறோம் என்றார்.

அவர் கொஞ்சம் தெளிந்தார். ஒரு நாள், "வாங்க மேனேஜரே, உங்க பேண்ட்டை மாத்திக் குடுத்துட்டேன்போல" என்று அவரே சொன்னார். அவள் உள்ளே திரையை வாயில் கவ்விக்கொண்டு அழுதாள். எல்லாம் திரும்பி வந்துவிட்டதென்று நினைத்தாள். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "நான்தான் சொன்னேன்ல" என்றாள் மகள்.

வந்தது அவ்வளவுதான். மீதி வரவில்லை. ஸ்கேனை வைத்துக்கொண்டு டாக்டரம்மா அவளிடம் தனியாகப் பேசினார். இது டிமென்ஷியா என்கிற மறதி நோய். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்பது நோய். ஒரு மாத்திரை தருகிறேன், அதை நம்பிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்கு ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும், போனதைத் திருப்பாது.

"முன்னாடியே வந்திருக்கணுமா டாக்டர்?"

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை, குத்தியும் காட்டவில்லை. "வந்திருந்தா நீங்க இவ்வளவு நாள் தனியாச் சுமந்திருக்க வேண்டாம்" என்றார்.

மேலும் சொன்னார். இவரை வீட்டில் உட்கார வைக்காதீர்கள், தெரிந்த வேலையைச் செய்யட்டும். சூடு, கறை எடுக்கிற மருந்து, இயந்திரம் வேண்டாம், மடிக்கிற வேலை போதும். ஞாபகம் இருக்கிறதா என்று பரீட்சை வைக்காதீர்கள். வாதாடாதீர்கள். சட்டையில் போன் நம்பர் தைத்து வையுங்கள், ஒரு நாள் வெளியே போய்விட்டால் வழி தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அவள், கடைசி விஷயத்துக்கு மட்டும் ஆட்டவில்லை. மூட்டை மூட்டையாக வந்த துணிக்கே சீட்டுக் கட்டாத மனிதர். அவருக்குச் சீட்டா?

அந்த ஒரு நாள் சீக்கிரமே வந்தது. மடித்த சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, எப்போதோ ஊரைவிட்டே போய்விட்ட ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். வீடு இருந்த இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அவள் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுத் தெருத்தெருவாக அலைந்தாள். ஒவ்வொரு கடையிலும் நின்று அடையாளம் சொன்னாள். "என்ன சட்டை போட்டிருந்தார்?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அவளுக்கே.

எதிர்க்கடைக்காரர்தான் அவரைக் கண்டுபிடித்தார், அந்தக் கண்ணாடிக் கதவு முதலாளி. ஒரு பஸ் நிறுத்தத்தில், இரண்டு கைகளிலும் சட்டையை ஏந்தி, மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாராம். எந்த பஸ்ஸுக்கும் எழுந்திருக்கவில்லையாம். காரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டவர், தயங்கித் தயங்கி ஒரு சிறு பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். அவருடைய இயந்திரம் துப்பிய வெள்ளை நாடா. ஒவ்வொரு துண்டிலும் சலவைக் கடையின் போன் நம்பர்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. துணியில தைச்சா எத்தனை துவைச்சாலும் போகாது."

அவள் அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள். மறுநாள் திறந்து ஒன்றை எடுத்து, அவருடைய சட்டைக் காலரின் உள்பக்கம் தைத்தாள். காலையில் அவர் சட்டையை மாட்டினார். கழுத்தைச் சுற்றி ஒரு தரம் விரலை ஓட்டினார். பெயர்கள் போயிருந்தன, முகங்கள் போய்க்கொண்டிருந்தன, அந்த விரல் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. சட்டையைக் கழற்றி நாடாவைப் பல்லால் கடித்துப் பிய்த்து எறிந்தார்.

"நான் என்ன ஊர்த் துணியா? எனக்கு ஆள் இல்லையா?"

"இருக்காங்க" என்றாள்.

"எங்க?"

அவள் எதிரில்தான் நின்றாள். அதற்குமேல் எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

அதன்பிறகு அவள் வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டாள். பொத்தான் வேலை வாசலுக்கே வந்தது. தெருவுக்கு முதல்முறையாக அக்காவின் முகம் தெரிந்தது. ஆட்கள் வந்தார்கள், விசாரித்தார்கள், அவரோடு இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார்கள். பிறகு வரவைக் குறைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் தவறாமல் வந்தார். ஆனால் அவர் இப்போது பேண்ட்டைக் கையில் வாங்கியதும் பிரித்து இடுப்பை அளந்து பார்த்துக்கொண்டார். சாயங்காலங்களில் அவளும் அவரும் பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சில சமயம் அவள் தனக்குள் சொல்லிப் பார்ப்பாள்: கதவு, மழை, கரண்டி, பச்சை, பாலம். அவளிடம் அதை மறுபடி யாரும் கேட்கவேயில்லை.

ஒரு வெக்கையான மத்தியானம். அவர் பனியனோடு மேசையருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். கொடியிலிருந்து அவள் எடுத்துவந்து குவித்ததில் அவருடைய சட்டையும் இருந்தது. நாலைந்து உருப்படி மடித்துவிட்டு அதைக் கையில் எடுத்தவர், மடிக்காமல் நிறுத்தினார். காலரை நீவினார். முழங்கையைத் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழைய சித்திரகுப்தர் வேலையில் இறங்கிவிட்டார் என்று அவள் ஊசியை நிறுத்திப் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டே வேலை பாக்குற ஆளு. வயித்துக்கிட்ட மேசை உரசி நைஞ்சிருக்கு பாரு" என்றார். "இடது மணிக்கட்டுல சூடு பட்டிருக்கு. நம்ம தொழில்காரன் மாதிரி தெரியுது."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"பொத்தான் தைச்ச கை நல்ல கை. வீட்டுல நல்லாப் பாத்துக்குறாங்க." மறுபடி காலரை நீவினார். உள்பக்கத்தில், பிய்த்த நாடாவின் தையல் துளைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அங்கேயே விரல் நின்றது. நெடுநேரம் நின்றது. "எல்லாம் தெரியுது. ஆள் யாருன்னு மட்டும் வரமாட்டேங்குது."

உங்க சட்டைதாங்க என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. வாதாடாதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள் என்ற குரலும் கூடவே வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள்.

அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். எதிர்க்கடையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"சீட்டு ஏதாச்சும் இருக்கா?"

அவள் பொத்தான் டப்பாவைத் திறந்து ஒரு நாடாத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, பழைய துளைகள் இருந்த அதே இடத்தில் நாடாவை வைத்துத் தைத்தார். சின்னச் சின்னத் தையல், இழுத்தால் வராத தையல். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை ஹேங்கரில் மாட்டித் தோள்களைச் சமப்படுத்தினார்.

பின்சுவர்க் கம்பியில் குடை தொங்கியது. அதை எடுத்து மூலையில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் சட்டையைத் தொங்கவிட்டார்.